வரி குறைந்தபோதும் அவர்கள் ஏன் எதிர்த்தார்கள்? தேயிலையும் நீதிபதிகளின் சம்பளமும்

ஜனவரி 6, 2024 (வாசகர் கேள்வி)

"அமெரிக்கக் குடியேற்றங்களின் விடுதலைப் போருக்கு வரிக்கொடுமைதான் காரணம் என்று பள்ளியில் படித்தோம். இப்போது கணக்கைப் பார்த்தால் அவர்கள் லண்டனுக்குக் கட்டிய வரி இங்கிலாந்துக்காரர்கள் கட்டியதில் சிறு துளிகூட இல்லை. 1773இல் தேயிலை விலையும் குறைந்திருக்கிறது. அப்படியானால் வரி கட்ட மனமில்லாத வணிகர்களும் கடத்தல்காரர்களும் கிளப்பிவிட்ட கலகம்தானே இது? கொள்கை என்பதெல்லாம் பிறகு பூசிய சாயம் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் எழுதலாம்."

ஜனவரி 6, இரவு

மறுக்கிறேன். உங்கள் கணக்கை அல்ல, அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவை.

கணக்கு சரிதான். இங்கிலாந்தில் ஒருவர் ஆண்டுக்கு 25 ஷில்லிங் கட்டுகிறார், அமெரிக்கக் குடியேற்றங்களில் ஒன்றான மாசசூசெட்ஸில் ஒருவர் 6 பென்ஸ் கட்டுகிறார் என்று பிரதமர் லார்ட் நார்த் நாடாளுமன்றத்திலேயே சொன்னார். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். அவர் சொன்னபடி பார்த்தால் ஐம்பதில் ஒரு பங்கு. அவர் தமக்கு வசதியாகக் கூட்டிக் குறைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் இடைவெளி பெரியது என்பதில் ஐயமில்லை.

லண்டன் பணம் கேட்டதற்கும் நியாயம் இருந்தது. பிரான்சோடு நடந்த ஏழாண்டுப் போருக்கு முன் சுமார் 7.5 கோடி பவுண்டாக இருந்த அரசுக் கடன், 1763இல் போர் முடிந்தபோது 12 கோடியைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவில் 10,000 படைவீரர்களை நிறுத்தி வைக்கும் செலவு வேறு. அந்தப் படையால் பயனடைபவர்கள் ஒரு பங்காவது தரட்டும் என்று அப்போதைய பிரதமர் கிரென்வில் நினைத்ததைக் கொடுங்கோன்மை என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் எதிர்ப்பு எந்த இடத்தில் வெடித்தது என்று பாருங்கள். 1733இல் பிரெஞ்சுத் தீவுகளின் கரும்புப்பாகான மொலாசஸுக்கு கேலனுக்கு 6 பென்ஸ் வரி போட்டார்கள். யாரும் ஒழுங்காகக் கட்டவில்லை, சுங்க அதிகாரிக்கு ஏதாவது கொடுத்துவிட்டுச் சரக்கை இறக்கினார்கள், பெரிய கலகம் எதுவும் இல்லை. 1764இல் அதே வரியை 3 பென்ஸாகப் பாதியாக்கினார்கள். அப்போதுதான் கூச்சல் எழுந்தது. 1773இல் தேயிலை மலிவானது, அப்போதும் எழுந்தது. வரிச்சுமைதான் காரணமென்றால் இது தலைகீழாக நடந்திருக்க வேண்டும். கடத்தல்தான் காரணமென்றால் மொலாசஸைக் கண்ணாலும் காணாத உள்நாட்டு விவசாயி ஏன் 1774இல் துப்பாக்கி எடுத்தான் என்பதற்கு விடை இல்லை.

என் விடையை நாளை எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், வசூலான பணம் யாருக்குச் சம்பளமாகப் போனது என்று பார்க்க வேண்டும்.

ஜனவரி 7

ஆளுநர் சம்பளத்திலிருந்து தொடங்குகிறேன். இதை விட்டுவிட்டு முத்திரைத்தாள் சட்டத்துக்குத் தாவினால் ஒன்றும் விளங்காது.

மாசசூசெட்ஸ் ஆளுநரை நியமிப்பவர் மன்னர். அவருக்குச் சம்பளம் கொடுப்பது உள்ளூர்ச் சட்டசபை, அதுவும் ஆண்டுக்கு ஆண்டு வாக்களித்து. ஆளுநர் ஒரு மசோதாவை முடக்கிவைத்தால் சபை அவருடைய சம்பளத்தைத் தள்ளிப்போடும். நிரந்தரமாக ஆண்டுக்கு 1,000 பவுண்டு ஒதுக்குங்கள் என்று லண்டன் உத்தரவுடன் 1728இல் ஆளுநராக வந்தார் வில்லியம் பர்னெட். தருகிறோம், ஆனால் நிரந்தரமாக எழுதித் தரமாட்டோம் என்றது சபை. அந்த இழுபறி நடந்துகொண்டிருக்கும்போதே 1729இல் அவர் இறந்தார். அடுத்து வந்த பெல்ச்சர் காலத்தில் லண்டனே பணிந்து ஆண்டு ஒதுக்கீட்டை ஏற்றுக்கொண்டது.

அங்கே சாதாரண மனிதன் கையில் இருந்த ஒரே கடிவாளம் இதுதான். நாடாளுமன்றத்தில் அவனுக்கு உறுப்பினர் இல்லை, ஆளுநரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. பணத்தை நிறுத்திவைக்கும் உரிமை மட்டும் இருந்தது.

இப்போது 1767க்கு வாருங்கள். கண்ணாடி, ஈயம், வண்ணப்பூச்சு, காகிதம், தேயிலை ஆகியவற்றுக்கு லண்டனின் நிதியமைச்சர் டவுன்ஷெண்ட் வரி போட்டார். எல்லாரும் இந்தப் பொருள் பட்டியலைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். சட்டத்தின் முகவுரையை யாரும் படிப்பதில்லை. நீதி நிர்வாகச் செலவுக்கும் அரசு நிர்வாகத்தைத் தாங்குவதற்கும் இந்தப் பணம் என்று அதில் வெளிப்படையாக எழுதியிருக்கிறது. ஆளுநருக்கும் நீதிபதிக்கும் இனி சபையைக் கேட்காமலே சம்பளம் தரலாம் என்பதுதான் அதன் பொருள். மக்களிடம் வசூலித்த காசைக் கொண்டே மக்களின் கடிவாளத்தை அறுக்கிறார்கள். வரி ஒரு பென்னியாக இருந்தாலும் நான் எதிர்த்திருப்பேன்.

ஜனவரி 7, பிற்பகல்

முத்திரைத்தாள் சட்டத்தை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். விடவில்லை. 1765 மார்ச் 22இல் நிறைவேறி நவம்பர் 1இல் நடைமுறைக்கு வரவேண்டிய சட்டம் அது. பத்திரிகை, பத்திரம், வழக்கு ஆவணம், சீட்டுக்கட்டு, கல்லூரிப் பட்டம் என்று காகிதம் தொட்ட எல்லாவற்றுக்கும் முத்திரை. அதையும் இங்கிலாந்து நாணய மதிப்பில் கட்ட வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டுதான் குடியேற்றங்களின் காகிதப் பணத்தைச் சட்டபூர்வப் பணமாகச் செல்லாது என்று ஆக்கியிருந்தார்கள். கையில் நாணயமே இல்லாத ஊரில் நாணயத்தில் வரி கேட்டால் என்ன ஆகும்?

அந்த வரியால் அடிபட்டவர்கள் யார் யார்? வழக்கறிஞர், அச்சகக்காரர், வணிகர், சாராயக்கடைக்காரர். ஊரில் பேசவும் எழுதவும் கூட்டம் கூட்டவும் தெரிந்த அத்தனை பேரையும் ஒரே நாளில் பகைத்துக்கொண்டார்கள். மாசசூசெட்ஸின் தலைநகரான பாஸ்டனில் முத்திரை விநியோகிக்க நியமிக்கப்பட்ட ஆண்ட்ரூ ஆலிவரின் உருவ பொம்மையை ஆகஸ்ட் 14இல் ஓர் எல்ம் மரத்தில் தொங்கவிட்டார்கள். 26ஆம் தேதி துணை ஆளுநர் ஹட்சின்சன் வீட்டைச் சூறையாடினார்கள். அந்த இரண்டாவது செயலுக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன், அது வெறியாட்டம். அக்டோபரில் 9 குடியேற்றங்களின் பிரதிநிதிகள் நியூயார்க்கில் கூடினார்கள். மறு ஆண்டு மார்ச் 18இல் சட்டம் ரத்தானது. எந்த விஷயத்திலும் உங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்ற எங்களுக்கு அதிகாரம் உண்டு என்று அதே நாளில் இன்னொரு சட்டத்தையும் நிறைவேற்றிவைத்தார்கள்.

ஜனவரி 9

சம்பளத்தை நான் ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று கேட்பவர்களுக்கு.

அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியராக வேலை பார்த்தேன். நான் சேர்ந்த காலத்தில் அரசு மானியம் நிர்வாகத்துக்கு வரும், தாளாளர் கையெழுத்துப் போட்டு எங்களுக்குக் கொடுப்பார். பதிவேட்டில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை. கேட்க முடியாது. கூட்டத்தில் தாளாளர் பேசும்போது யாரும் வாய் திறக்கமாட்டோம். பிறகு சம்பளம் நேரடியாக வங்கிக் கணக்குக்கு வரத் தொடங்கியது. ஆட்கள் அவர்களேதான், அறை அதேதான். ஆனால் அடுத்த கூட்டத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து எதிர்க்கேள்வி கேட்டார்கள். சம்பளம் எந்த வாசல் வழியாக வருகிறதோ அந்த வாசலைப் பார்த்துத்தான் மனிதன் நிற்கிறான் என்பதை நான் அங்கே கண்ணால் பார்த்தேன். பாஸ்டன்காரர்களின் பதற்றம் எனக்கு உடனே பிடிபட்டதற்குக் காரணம் இதுதான்.

ஜனவரி 10

நேற்றைய குறிப்பைப் பிடித்து மதுரை நண்பர் கூர்மையாக ஒன்று கேட்டிருக்கிறார். "ஐயா, உங்கள் கதை எதிர்த்திசையில் அல்லவா போகிறது? சம்பளம் நேராக மேலிருந்து வந்ததும் ஆசிரியர்களுக்குச் சுதந்திரம் கிடைத்தது. அதுபோல அரண்மனைச் சம்பளம் நீதிபதியையும் உள்ளூர் நெருக்கடியிலிருந்து விடுவித்திருக்கும். அதை ஏன் எதிர்க்க வேண்டும்?"

ராத்திரி முழுக்க இதைத்தான் யோசித்தேன். லண்டன் தரப்பும் கிட்டத்தட்ட இப்படித்தான் வாதாடியது. அந்த வாதத்தில் சாரம் இருக்கிறது. கூட்டத்துக்குப் பயப்படும் நீதிபதி நல்ல நீதிபதி அல்ல.

ஆனால் எங்கள் தாளாளர் எங்களை நினைத்தபோது வேலையைவிட்டு நீக்க முடியாது, அதற்குத் துறையின் அனுமதி வேண்டும். சம்பளமும் பணிப் பாதுகாப்பும் சேர்ந்து வந்ததால்தான் நாங்கள் நிமிர்ந்தோம். இங்கிலாந்து நீதிபதிகளுக்கும் 1701ஆம் ஆண்டுச் சட்டம் அதைத்தான் தந்தது. நன்னடத்தை உள்ளவரை பதவி, மன்னர் தம் விருப்பப்படி நீக்க முடியாது. அமெரிக்க நீதிபதிகளுக்கு இது கிடையாது. மன்னர் விருப்பம் உள்ளவரைதான் பதவி என்று 1761இல் ஆளுநர்களுக்குக் கண்டிப்பான உத்தரவே வந்தது. நியமிப்பவர் மன்னர், நீக்குபவர் மன்னர். சம்பளம் ஒன்றுதான் உள்ளூர்க்காரர் கையில் மிச்சமிருந்தது, அதையும் மன்னரே கொடுத்தால் அந்த நீதிபதிக்கு வேறு எந்தத் திசையைப் பார்க்க வேண்டியிருக்கிறது?

1776 ஜூலை 4 சுதந்திரப் பிரகடனத்தைத் திறந்து பாருங்கள். பதவிக்காலத்துக்கும் சம்பளத்துக்கும் நீதிபதிகள் தம் ஒருவருடைய விருப்பத்தையே நம்பியிருக்கும்படி மன்னர் செய்துவிட்டார் என்று இரண்டையும் சேர்த்தே குற்றம் சாட்டுகிறார்கள். ஒப்புதலின்றி வரி போட்டது என்ற குற்றச்சாட்டு அதற்குப் பல வரிகள் தள்ளித்தான் வருகிறது.

நண்பருக்கு நன்றி. இந்தக் கேள்வி வராவிட்டால் பதவிக்காலத்தைப் பற்றி நான் எழுதியிருக்கமாட்டேன்.

ஜனவரி 10, மாலை

வரியை எதிர்த்தவர்கள் 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டியது அசாம் தேயிலை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. அது சீனத் தேயிலை. அசாம் தேயிலை சந்தைக்கு வர இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது.

ஜனவரி 13

தேயிலைக்கே வருகிறேன். இது நம்முடைய கதையும்கூட.

டவுன்ஷெண்ட் வரிகளை 1770இல் விலக்கிக்கொண்டபோது தேயிலை வரியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்த முடிவு அமைச்சரவையில் 5க்கு 4 என்று ஒரே வாக்கில் தப்பியது. பவுண்டு எடைக்கு 3 பென்ஸ். பிற்பாடு மாசசூசெட்ஸ் ஆளுநராகிவிட்ட ஹட்சின்சனின் அரண்மனைச் சம்பளம் இந்தத் தேயிலை வரியிலிருந்துதான் வந்தது.

அப்போது கிழக்கிந்தியக் கம்பெனி தள்ளாடிக்கொண்டிருந்தது. 1765இல், முத்திரைத்தாள் சட்டம் வந்த அதே ஆண்டில், வங்காளத்தின் வரிவசூல் உரிமையான திவானி அதன் கைக்கு வந்தது. பணம் கொட்டும் என்று லண்டனில் பங்கு வாங்கிக் குவித்தார்கள். ஹைதர் அலி சென்னையை நெருங்கிய செய்தி 1769இல் லண்டனை எட்டியதும் பங்கு விலை சரிந்தது. வங்காளத்தில் பஞ்சம். 1772இல் ஐரோப்பா முழுதும் கடன் நெருக்கடி. கம்பெனியின் கிடங்குகளில் ஏறத்தாழ 1.7 கோடி பவுண்டு எடைத் தேயிலை விற்காமல் கிடந்தது. அரசு 14 லட்சம் பவுண்டு கடன் கொடுத்ததோடு, இடைத்தரகர் இல்லாமல் அமெரிக்காவில் நேரடியாக விற்கும் உரிமையையும் 1773 மே மாதம் கொடுத்தது. பாஸ்டனில் அந்தச் சரக்கைப் பெறும் முகவர்களில் இரண்டு பேர் ஆளுநரின் சொந்த மகன்கள்.

தேயிலை மலிவாகும். மலிவாகிவிட்டால் மக்கள் வாங்குவார்கள். வாங்கினால் 3 பென்ஸ் வரியை ஒப்புக்கொண்டதாகிவிடும், அந்தக் காசு ஆளுநரையும் நீதிபதியையும் மேலும் விலகிப்போகச் செய்யும். விலை குறைந்ததுதான் ஆபத்து என்று அவர்கள் நினைத்ததில் எந்தக் குழப்பமும் இல்லை. டிசம்பர் 16 இரவு டார்ட்மவுத், எலினார், பீவர் என்ற மூன்று கப்பல்களிலிருந்து 340க்கும் மேற்பட்ட பெட்டிகள் கடலுக்குப் போயின. கம்பெனி போட்ட நட்டக் கணக்கு 9,659 பவுண்டு.

அந்த ஆண்டு நவம்பரில் பென்சில்வேனியாவின் ஜான் டிக்கின்சன் புனைபெயரில் எழுதிய கடிதம் ஒன்று உண்டு. ஆசியாவில் இந்தக் கம்பெனி என்ன செய்தது என்று பாருங்கள், ஒரே ஆண்டில் 15 லட்சம் பேர் பட்டினியால் செத்தார்களாம், பூமி விளைச்சல் தராததால் அல்ல, கம்பெனியும் அதன் ஊழியர்களும் உணவுப் பொருளை முடக்கி விலையேற்றியதால் என்று எழுதுகிறார். வங்காளத்துக்கு நடந்தது நமக்கும் நடக்கும் என்ற பயம் அதில் இருக்கிறது. வங்காளத்துச் சாவைத் தங்கள் வாதத்துக்காக அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று நீங்கள் சொல்லலாம். ஆனாலும் 1773இல் உலகத்தின் அந்தக் கோடியில் ஒருவர் அதைச் சொன்னார் என்பதைப் படித்தபோது என் மனம் கனத்துவிட்டது.

ஜனவரி 14

"பிர்மிங்காமுக்கும் மான்செஸ்டருக்கும்கூட நாடாளுமன்றத்தில் உறுப்பினர் இல்லையே, அவர்கள் வரி கட்டவில்லையா?" என்பது நல்ல கேள்வி. உறுப்பினர் எந்த ஊருக்கு இருந்தாலும் அவர் எல்லாருக்குமான பிரதிநிதிதான் என்று கிரென்வில்லின் ஆட்கள் இதைத்தான் சொன்னார்கள்.

மேரிலாந்து வழக்கறிஞர் டேனியல் டுலேனி 1765இலேயே இதற்குப் பதில் எழுதிவிட்டார். பிர்மிங்காம்காரர் மீது வரி போடும் உறுப்பினர் அதே வரியைத் தானும் கட்டுகிறார். அமெரிக்கர் மீது வரி போடும்போது அவருக்கு ஒரு காசும் செலவில்லை, தன் பாரம் அந்த அளவுக்குக் குறையவும் செய்கிறது. தனக்கு வலிக்காத இடத்தில் கை வைப்பவர் எப்படி என் பிரதிநிதி ஆவார்? இவ்வளவு தெளிவாக எழுதிய டுலேனி பிற்பாடு புரட்சியில் சேரவில்லை. வாதம் சரியென்று நினைப்பதும் அதற்காக அரசை உடைக்கத் துணிவதும் வெவ்வேறு.

ஜனவரி 17

துப்பாக்கி எடுத்த விவசாயியைப் பற்றி முதல் குறிப்பில் சொல்லியிருந்தேன். அவனைப் பற்றி விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் பாடநூல்கள் தேயிலையிலிருந்து நேராகப் போர் தொடங்கிய லெக்சிங்டனுக்குத் தாவி அவனை மறந்துவிடுகின்றன.

தேயிலையை அழித்ததற்குத் தண்டனையாக 1774இல் பாஸ்டன் துறைமுகத்தை மூடினார்கள். அது பாஸ்டனுக்கு அடி. மாசசூசெட்ஸ் அரசமைப்பை மாற்றிய இன்னொரு சட்டம் கிராமங்களுக்கு அடி. மேலவையை இனி மன்னர் நியமிப்பார். ஜூரிகளை மாவட்ட அதிகாரியான ஷெரீஃப் பொறுக்குவார். ஊர்க்கூட்டம் ஆளுநர் அனுமதி இல்லாமல் ஆண்டுக்கு ஒன்றுக்கு மேல் கூடாது. அந்த நாட்டில் நீதிமன்றம் என்பது விவசாயியின் கடன் வழக்கு நடக்கும் இடம், அவன் நிலம் தங்குமா போகுமா என்று தீர்மானிக்கும் இடம். நீதிபதி மன்னரின் ஆள், ஜூரி ஷெரீஃபின் ஆள் என்றானபின் அவனுக்கு என்ன மிச்சம்?

எதிர்ப்பு ஏற்கெனவே மூண்டிருந்தது. 1774 தொடக்கத்தில் உயர்நீதிமன்ற நீதிபதிகளிடம் அரண்மனைச் சம்பளத்தை வாங்குவீர்களா, மாட்டீர்களா என்று சபை கேட்டது. நான்கு பேர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். தலைமை நீதிபதி பீட்டர் ஆலிவர் மட்டும் வாங்குவேன் என்றார். அவர்மீது சபை குற்றவிசாரணைத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆகஸ்ட் இறுதியில் பாஸ்டனில் அவர் தலைமையில் நீதிமன்றம் கூடியபோது ஜூரிகள் உறுதிமொழி எடுக்க மறுத்தார்கள். வெள்ளி வேலை செய்யும் பால் ரெவியரும் அவர்களில் ஒருவர்.

செப்டம்பர் 6 அன்று மாசசூசெட்ஸின் உள்நாட்டு ஊரான வூஸ்டரில் 37 ஊர்களிலிருந்து 4,622 பேர் திரண்டு நீதிமன்றத்தை மூடினார்கள். எண்ணிக் குறித்துவைத்திருக்கிறார்கள். தெருவின் இருபுறமும் அவர்கள் நிற்க, நீதிமன்ற அதிகாரிகள் தொப்பியைக் கையில் பிடித்தபடி நடுவில் நடந்து, புதிய சட்டத்தின் கீழ் பதவி வகிக்கமாட்டோம் என்று மீண்டும் மீண்டும் படித்துக்காட்ட வேண்டியிருந்தது. ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வட்டாரத்தில் பிரிட்டிஷ் ஆட்சி இல்லை. லெக்சிங்டனில் முதல் குண்டு வெடிக்க இன்னும் ஏழு மாதம் இருந்தது. புரட்சி எங்கே நடந்தது என்று என்னைக் கேட்டால் இந்தத் தெருவில் என்றுதான் சொல்வேன்.

பீட்டர் ஆலிவர் பிற்பாடு இங்கிலாந்து போய் பிர்மிங்காமில் குடியேறி 1791இல் அங்கேயே இறந்தார். 14ஆம் தேதிக் குறிப்பில் சொன்ன அதே பிர்மிங்காம்.

ஜனவரி 18

வெர்ஜீனியாவில் ஆளுநருக்கு ஏற்றுமதிப் புகையிலை வரியிலிருந்து 1680 முதலே நிரந்தரச் சம்பளம் இருந்ததே, அங்கே உங்கள் விளக்கம் எப்படிப் பொருந்தும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மிக நல்ல எதிர்வாதம். அங்கே கதை வேறு வேகத்தில் போகிறது. தோட்ட முதலாளிகள் லண்டன் வணிகர்களிடம் பட்ட கடன், அப்பலாச்சிய மலைக்கு மேற்கே குடியேறக் கூடாது என்ற 1763ஆம் ஆண்டு அரசாணை, இவையெல்லாம் அங்கே கனமான காரணங்கள். ஆனாலும் நிலப்பட்டாவில் முத்திரை குத்த ஒரு பிஸ்டோல் தங்க நாணயம் வேண்டும் என்று ஆளுநர் டின்விட்டி கேட்டபோது, சபையின் ஒப்புதலின்றி ஒரு காசும் எடுக்கக் கூடாது என்று 1753இல் அங்கேயும் சண்டை நடந்தது. முத்திரைத்தாள் சட்டத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு முன்பே அந்த வாக்கியம் அவர்களிடம் தயாராக இருந்தது.

அந்த மேற்கு நிலத்துக்குச் சொந்தக்காரர்களான பழங்குடிகளுக்கு அரசாணை ஒரு பாதுகாப்பு. குடியேறியவர்களுக்கு அது கொடுமை. இதைச் சொல்லாமல் வெர்ஜீனியாவைப் பற்றிப் பேசக் கூடாது.

ஜனவரி 19

கடலூர் நண்பருக்கு: ஆம், அமெரிக்க விடுதலைப் போரின் கடைசிச் சண்டைகளில் ஒன்று உங்கள் ஊர்க் கடலில் நடந்ததுதான். பிரான்ஸ் அமெரிக்கர் பக்கம் சேர்ந்ததால் சண்டை இங்கேயும் வந்தது. 1783 ஜூன் 20இல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரனும் பிரிட்டிஷ் தளபதி ஹியூஸும் மோதினார்கள். ஐரோப்பாவில் சமாதானத்துக்கு ஒத்துக்கொண்ட செய்தி அதற்குப் பிறகுதான் இங்கே வந்தது. பிலடெல்ஃபியாவில் 1782இல் ஒரு போர்க்கப்பலுக்கு ஹைதர் அலி என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

ஜனவரி 22

"அடிமைகளை வைத்துக்கொண்டு சுதந்திரம் பேசியவர்களுக்கு இவ்வளவு பரிந்து பேசுகிறீர்களே" என்ற கடுமையான பதிவுக்கு இதுவரை நான் பதில் எழுதவில்லை. ஒரு வரியில் எழுதிவிடக் கூடாது என்பதால்தான்.

குற்றச்சாட்டு உண்மை. அதை முதலில் எழுப்பியவர்கள் அந்த அடிமைகளே. 1773 ஏப்ரலில் மாசசூசெட்ஸில் நான்கு கறுப்பின மனிதர்கள் சட்டசபைப் பிரதிநிதிகளுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார்கள். தங்களை அடிமைப்படுத்த முயலும் சக மனிதர்களை இவ்வளவு உறுதியாக எதிர்த்து நிற்பவர்களிடம் நாங்கள் பெரிய காரியங்களை எதிர்பார்க்கிறோம் என்று அதில் சொல்கிறார்கள். தெற்கே வெர்ஜீனியாவில், கலகக்காரர்களின் அடிமைகள் தம் படையில் சேர்ந்தால் விடுதலை என்று ஆளுநர் டன்மோர் 1775 நவம்பரில் அறிவித்தார். அந்த அறிவிப்பே அதுவரை தயங்கிக்கொண்டிருந்த பல முதலாளிகளைப் புரட்சிப் பக்கம் தள்ளியது. அவர்களிடம் எனக்கு எந்தப் பரிவும் இல்லை.

ஆனால் மாசசூசெட்ஸில் அந்த வாதம் பாதியில் நிற்கவில்லை. தன்னை விடுவிக்கக் கோரி எலிசபெத் ஃப்ரீமன் 1781இல் வழக்குப் போட்டு வென்றார். அதே காலத்தில் தொடங்கிய குவாக் வாக்கர் வழக்கு 1783இல் உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. எல்லா மனிதரும் சுதந்திரமானவர்களாகவும் சமமானவர்களாகவும் பிறந்தவர்கள் என்று சொல்லும் எங்கள் அரசமைப்பில் அடிமைத்தனத்துக்கு இடமில்லை என்று தலைமை நீதிபதி ஜூரிகளிடம் சொன்னார். அவர் பெயர் வில்லியம் குஷிங். 1774இல் அரண்மனைச் சம்பளம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த நான்கு நீதிபதிகளில் ஒருவர்.